ஊர் பெருத்தாச்சு, மந்தை எங்கே?

கோவில்பட்டியில் ஆர்ப்பாட்டம் என்றால் பயணியர் விடுதி முன்பு. மனு கொடுக்கும் கூட்டம் என்றால் கோட்டாட்சியர் அலுவலக வாசல். பயிர்க் காப்பீடு வரவில்லையா, தீப்பெட்டிக்கு மூலப்பொருள் விலை ஏறிவிட்டதா, குடிதண்ணீர் பதினைந்து நாளாக வரவில்லையா, எதுவானாலும் கொடியும் மைக்கும் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஓரிடத்தில்தான். நின்றபடியே பேசி, நின்றபடியே கோஷம் போட்டு, போக்குவரத்துக் காவலர் விசில் ஊத ஊதக் கலைந்து போக வேண்டும். உட்கார இடமில்லை. வெயிலுக்கு ஒதுங்க மரமில்லை. லட்சம் பேரை நெருங்கிவிட்ட ஒரு நகரம் தன் பொது வாழ்க்கையை ஏதோ ஒரு கட்டடத்தின் வாசலில், சாலையின் ஓரத்தில் நடத்திக்கொண்டிருக்கிறது.

2011 கணக்கெடுப்பிலேயே நகராட்சி எல்லைக்குள் 95 ஆயிரம் பேர். அதற்குப் பிறகு ஊர் வளர்ந்ததெல்லாம் எல்லைக்கு வெளியே, இனாம் மணியாச்சி, பாண்டவர்மங்கலம், மந்தித்தோப்பு, நாலாட்டின்புதூர் பக்கம். 1964-இல் நகராட்சியான ஊர் இன்று 36 வார்டுகளுடன் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நகைக்கடை, கோர்ட்டு, கல்யாண மண்டபம். விளாத்திகுளத்திலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் கழுகுமலையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் வேலை முடிகிற வரை எங்கே இருக்கிறார்கள் என்று ஒருநாள் நின்று பார்த்தால் போதும். டீக்கடை பெஞ்சு, ஜவுளிக்கடைப் படி, பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம். காசு கொடுத்தால் உட்காரலாம், கொடுக்காவிட்டால் நிற்கலாம்.

கோவில்பட்டியைத் தனி மாவட்டமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக இருக்கிறது. ஆக்கினால் ஊருக்கு நடுவில் ஒரு நல்ல பொது வளாகம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். விருதுநகர் ஆட்சியர் அலுவலகம் கூரைக்குண்டில் இருக்கிறது. தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகம் கோரம்பள்ளத்தில். இரண்டும் ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில். வேலை இருப்பவன் போவான், முடிந்ததும் திரும்புவான். சாயங்காலம் காற்று வாங்கப் பேரனைக் கூட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு யாரும் போவதில்லை. அரசாங்கம் கட்டுகிற வளாகம் வேறு, ஊர் கூடுகிற இடம் வேறு.

கரிசல் கிராமத்துக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. ஊருக்கு ஒரு மந்தை, ஒரு மடம் அல்லது சாவடி. பகலில் மாடு நிற்கும், பொழுது சாய்ந்தால் பையன்கள் சடுகுடு ஆடுவார்கள், கொடை வந்தால் கூத்து நடக்கும், வழக்கு வந்தால் பஞ்சாயத்து கூடும். அங்கே எதுவும் கட்டப்படவில்லை என்பதுதான் மந்தையின் வசதி. ஒரு வேலைக்கென்று ஒதுக்காததால் எல்லா வேலைக்கும் ஆனது. கி.ராஜநாராயணனின் எழுத்தில் வருகிற பேச்சுப் பெருக்கு முழுவதும் இப்படிப்பட்ட இடங்களில் உட்கார்ந்து கேட்டதுதான். இடைசெவல் என்ற அந்தச் சின்ன ஊரிலிருந்துதான் அவரும் கு.அழகிரிசாமியும் வந்தார்கள்.

ஆனால் மந்தையை நினைத்து ரொம்பவும் உருகிவிடக் கூடாது. அது எல்லாருக்குமான இடமாக இருந்ததில்லை. சாவடித் திண்ணையில் யார் உட்காரலாம், யார் கைகட்டித் தள்ளி நிற்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. பெண்கள் மந்தையைக் கடந்து போகலாம், தங்க முடியாது. கிராமத்தை விட்டு டவுனுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் பிழைப்புக்காக மட்டும் வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத ஒரு பெஞ்சில், எல்லாரும் குடிக்கிற கிளாஸில் டீ குடிப்பதற்காகவும் வந்தார்கள். நகரத்துச் சதுக்கம் என்று ஒன்று வேண்டும் என்றால் அதற்கான முதல் காரணம் அழகு அல்ல, இதுதான்.

மதுரையைப் போலக் கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக விரிந்த ஊர் அல்ல கோவில்பட்டி. ஊருக்குப் பெயர் தந்த செண்பகவல்லி அம்மன் உடனுறை பூவனநாத சுவாமி கோயில் பழையது. அதைச் சுற்றிய தெருக்களும் பழையவை. ஆனால் இன்றைய நகரத்தை உண்டாக்கியது ரயிலும் பருத்தியும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தண்டவாளம் 1876-இல் திறந்தது. கரிசல் பருத்தி ரயிலேறித் துறைமுகம் போயிற்று. பிறகு பஞ்சைத் தேடி ஆலைகளே இங்கு வந்தன. 1901-இல் பருத்தி ஆராய்ச்சிக்காக அரசு தொடங்கிய பண்ணை இன்றும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமாக நடக்கிறது, மானாவாரிச் சாகுபடிக்குப் பெயர் சொல்லும் இடம். லாயல் மில், லட்சுமி மில், தீப்பெட்டி ஆபீஸ்கள், கடலைமிட்டாய்க் கடைகள் என்று ஊர் சாலையின் இரு பக்கமும் நீளவாட்டில் வளர்ந்தது. எட்டயபுரம் ரோடு, கடலையூர் ரோடு, இளையரசனேந்தல் ரோடு, புது ரோடு என்று வழி சொல்வதும் ரோட்டை வைத்துத்தான். நீளமாக வளர்கிற ஊருக்கு நடு வாய்ப்பது கடினம்.

ஆண்டில் சில நாட்கள் மட்டும் நடு என்று ஒன்று கிடைக்கிறது. பங்குனித் திருவிழாவில் ஒன்பதாம் நாள் தேர். அன்று தேர் ஓடும் தெருவில் கடைக்காரர் தட்டி, பந்தல் எல்லாம் உள்ளே போய்விடும், குறுக்கே தொங்கும் கம்பி அவிழும், வண்டி வேறு வழியில் திரும்பும். அடுத்து தீர்த்தவாரி, பிறகு தெப்பம். தெருவை முழுசாகத் திறந்துவிடுவது முடியாத காரியம் என்று மற்ற நாட்களில் சொல்கிற அதே ஊர், சாமிக்கு என்றால் ஒரே காலையில் செய்து காட்டிவிடுகிறது.

இந்த ஊரில் நிஜமான ஒரு சதுக்கம் இருந்தது என்பதற்கு எழுத்தாளர்களே சாட்சி. காந்தி மைதானம். அரசியல் கூட்டம் நடந்த திடல் அது. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கூட்டமில்லாத இரவுகளில் இன்னொரு கூட்டம் அங்கே உட்கார்ந்தது. தேவதச்சன், கோணங்கி, ச.தமிழ்ச்செல்வன், உதயசங்கர், கௌரிஷங்கர், அப்பாஸ், சமயவேல் என்று அந்த வட்டத்தில் வந்து போனவர்களின் பட்டியல் நீளும். அவர்களில் சிலர் அந்த இரவுகளைப் பற்றிப் பிற்பாடு எழுதியும் இருக்கிறார்கள். பகலில் தேவதச்சனின் நகைக்கடை, இரவில் மைதானம். ஒருவர் தபால் துறை, ஒருவர் ரயில்வே, சிலருக்கு வேலையே இல்லை. மார்க்சியமா இருத்தலியமா என்று விடியவிடியச் சண்டை போட வாடகை கேட்காத இடம் ஒன்று இருந்ததால் நடந்தது அது. கோணங்கியின் ‘கல்குதிரை’ இதழ் வந்த ஊர் இது. அழகிரிசாமிக்கு 1970-இல், கி.ரா.வுக்கு 1991-இல், பூமணிக்கு 2014-இல், சோ.தர்மனுக்கு 2019-இல் என்று சாகித்திய அகாதெமி விருது இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே வந்துகொண்டிருந்தது. 2023-இல் உதயசங்கருக்குப் பால சாகித்திய புரஸ்கார். மைதானம் இல்லாவிட்டால் இவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள் என்று சொல்வது மிகை. பூமணியும் தர்மனும் எழுதியது மைதானத்துப் பேச்சிலிருந்து அல்ல, தங்கள் காட்டிலிருந்தும் கண்மாயிலிருந்தும். ஆனாலும் இந்தியாவில் இந்த அளவுள்ள ஊர்கள் எத்தனையில் இப்படியொரு வட்டம் கூடியிருக்கும்? கலாசார மையம் என்று பெயர்ப்பலகை மாட்டி, குளிர்சாதனம் போட்டு, திறப்பு விழா நடத்தியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது என்பது என் கட்சி.

அந்த வட்டத்திலும் ஒரு குறை உண்டு. மேலே சொன்ன பெயர்களை மறுபடி படித்துப் பாருங்கள், ஒரு பெண் பெயர் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மண்ணில் மல்லாந்து படுத்து நட்சத்திரம் பார்த்துக் கவிதை பேசும் உரிமை ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது. இந்த ஊரின் பொருளாதாரத்தைத் தாங்குவதோ பெண்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குக் காலையில் வேனிலும் பஸ்ஸிலும் வந்து சாயங்காலம் திரும்புகிறவர்கள். கடலைமிட்டாய் பாக்கெட் போடுகிறவர்கள். 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மண்டை வெல்லத்துக்கும் தாமிரபரணித் தண்ணீருக்கும் புகழ் போயிற்று, இந்தப் பெண்களின் கைக்குப் போகவில்லை. சம்பளத்தை வாங்கிச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு திண்ணையும், சுத்தமான, தண்ணீர் வருகிற, வெளிச்சமுள்ள ஒரு கழிப்பறையும் இருந்தால் அதுதான் இந்த ஊருக்குச் சதுக்கம். நீரூற்றும் செல்ஃபி எடுக்கும் பலகையும் அதற்குப் பிறகு வரட்டும்.

காத்திருத்தல் என்றதும் பஸ் ஸ்டாண்டு. அண்ணா பேருந்து நிலையம் ஊருக்குள். கூடுதல் பேருந்து நிலையம் புறவழிச்சாலையில். மதுரைக்கும் நெல்லைக்கும் போகிற பஸ்களில் பல நான்குவழிச் சாலையோடு போய்விடுவதும், ராத்திரி வருகிறவர்களைப் பைபாஸில் இறக்கிவிடுவதும் இங்கே தீராத புகார். கோரிக்கை வைப்பார்கள், சில நாள் பஸ் உள்ளே வரும், பிறகு பழைய கதை. பஸ் நிலையத்தை வெளியே கொண்டுபோனால் நெரிசல் குறையும் என்பது திட்டக்காரர்களின் கணக்கு. ஆனால் தென்மாவட்டச் சிறு நகரத்தில் பஸ் நிலையம் வெறும் பஸ் நிற்கிற இடமல்ல. செய்தித்தாள் கடை, பூக்கடை, பருத்திப்பால் வண்டி, ஊர்க்காரனைப் பார்த்துச் சேதி சொல்லி அனுப்புகிற இடம் எல்லாம் அதுதான். அதை வெளியே எடுத்தால் ஊரின் நடுவையே வெளியே எடுத்ததாகும். எடுத்துப் பார்த்தார்கள், நடு வெளியே போகவில்லை. பஸ்தான் ஊரை மறந்தது.

தினசரிச் சந்தையைப் புதிதாகக் கட்டுகிற பேச்சு வந்தபோதும் வியாபாரிகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. புதுக் கட்டடம் வேண்டாம் என்று எந்த வியாபாரியும் சொல்வதில்லை. நடுவில் ரெண்டு வருஷம் எங்கே போய் உட்கார்வது, திரும்பி வந்தால் அதே இடம் கிடைக்குமா, வாடகை என்ன என்பதுதான் கேள்வி. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒரு நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கலாம் என்கிறது. கோவில்பட்டிக்குப் பழைய கணக்கெடுப்பை வைத்துப் போட்டாலே 2,300 பேருக்கு மேல் வரும். அத்தனை பேரை ஒரே கான்கிரீட் கூரைக்குள் அடைக்க முடியாது. திறந்த வெளியில்தான் முடியும். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்களே, அகலமான நடைபாதை, உட்கார இருக்கை, குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் எல்லாம் வைத்து, அழகாகத்தான் இருந்தது. நடைபாதைக் கடைகளுக்குப் பேர்போன அந்தத் தெருவின் வியாபாரிகளை அதற்கு முன்பே ஒரு வணிக வளாகத்துக்குள் அனுப்பியிருந்தார்கள். பார்த்துக் காப்பியடிப்பதாக இருந்தால் நடைபாதையைக் காப்பியடிக்கலாம், வியாபாரிகளை அனுப்பியதை அல்ல.

நகரத்தின் நடுவே காலியாக இருக்க வேண்டிய இன்னொரு இடம் ஓடை. கரிசலில் மழை குறைவு, வருஷத்துக்குச் சராசரியாக 700 மில்லிமீட்டர் சொச்சம். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். கரிசல் மண் நனைந்துவிட்டால் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விடாது, மேலேயே ஓடும். பிரதான சாலையை ஒட்டிய நீர்வரத்து ஓடையின் மேல் கடைகள் எழும்பியதும், அகற்றச் சொல்லிப் போராட்டமும் வழக்கும் வருஷக்கணக்கில் நடந்ததும் ஊர் அறிந்த விஷயம். ஓடைக்கரையைத் திறந்து, இருபக்கமும் புங்கும் பூவரசும் வைத்து நடைபாதை போட்டால் ரயில் நிலையத்திலிருந்து சந்தை வரைக்கும் நிழலில் நடக்கலாம் என்று கனவு காண்பது எளிது. செலவு அதில் அதிகமில்லை, துணிவுதான் அதிகம்.

சதுக்கம் கட்டுகிற பொறியாளருக்குக் கரிசல் மண் இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் நிறைந்த மண் இது. நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். சித்திரையில் காட்டில் நடந்தால் வெடிப்புக்குள் செருப்பு போய்விடும். இதன்மேல் நேரே பேவர் பிளாக் பதித்தால் முதல் ஐப்பசிக்கே மேடும் பள்ளமுமாகி, மூன்றாம் வருஷம் பாட்டிமார் தடுக்கி விழுவார்கள். மேல்மண்ணை நன்றாகத் தோண்டி எடுத்து, வீங்காத கிராவலை அடுக்கடுக்காகத் தட்டிப் போட்ட பிறகுதான் தளம் போட வேண்டும். கட்டடம் என்றால் அடிப்பக்கம் குமிழாக அகன்ற தூண்களை ஆழத்தில் இறக்க வேண்டும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே உருவாக்கிய முறை அது. ஒப்பந்தப்புள்ளியில் இந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடிக்கல் விழாவுக்குக் கைதட்டலாம். புல்வெளி வேண்டவே வேண்டாம். குடிக்கிற தண்ணீரே சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது, அதைப் புல்லுக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? வேம்பு போதும். சுக்கான் பாறையையும் துளைத்து வேர்விடும், மாடு கடிக்காது, நிழல் தரும்.

தண்ணீர் என்றதும் ஹாக்கி நினைவுக்கு வருவது கோவில்பட்டியில் மட்டும்தான் நடக்கும். கிருஷ்ணா நகரில் செயற்கை இழைத் தளம் இருக்கிறது. அந்தத் தளத்தை நனைத்துத்தான் ஆட முடியும். மழை மறைவுக் காட்டு நடுவில் தண்ணீர் குடிக்கிற மைதானம்! இருந்தும் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. அரசு விடுதியில் தங்கிப் பயிற்சி பெறுகிற பையன்கள், லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி, 2021 டிசம்பரில் தேசிய ஜூனியர் ஆண்கள் போட்டி என்று ஊரே கூடி உட்கார்ந்து பார்க்கிற இடம் அது. இந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார். போட்டி நடக்கும் மாலைகளில் கேலரியில் மில் தொழிலாளியும் வக்கீலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பொது இடம் வேலை செய்கிறது என்றால் இப்படித்தான். ஆட்டம் இல்லாத நாளில் கதவு பூட்டியிருக்கும், அது வேறு சங்கதி.

நினைவுச் சின்னங்களுக்கு நம்மிடம் குறைவில்லை. எட்டயபுரத்தில் கல்கி முன்னின்று வாசகர்களிடம் பணம் திரட்டிக் கட்டிய பாரதி மணிமண்டபம் 1947-இல் திறந்தது. கயத்தாறில் கட்டபொம்மன் சிலை. கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு 1.50 கோடி ரூபாய் செலவில் அரசு எழுப்பிய நினைவரங்கம் 2022 டிசம்பர் 2-இல் திறந்தது. ஓர் எழுத்தாளனுக்கு அரசு இத்தனை செய்தது பெருமைதான். ஆனால் தமிழ்நாட்டில் நினைவிடம் என்றால் சுற்றுச்சுவர், கம்பிக் கதவு, திறக்கும் நேரம், பிறந்த நாளுக்கு மாலை. சிலைகளைப் பல ஊர்களில் கூண்டுக்குள்ளேயே வைத்துவிட்டோம், சாதிச் சண்டைக்குப் பயந்து. திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்டே எழுத்தாளரான கி.ரா.வுக்கு, நாலு பேர் கால்நீட்டி உட்காரும் திண்ணையைக் கதவுக்கு வெளியே விட்டிருந்தால் அவர் ரொம்பவும் ரசித்திருப்பார்.

புதிதாக இடம் வாங்கிச் சதுக்கம் அமைக்க நகராட்சியிடம் பணம் இல்லை என்பார்கள். சரி, ஏற்கெனவே கையில் இருக்கிற இடம் என்ன ஆயிற்று? தமிழ்நாட்டு விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர் பத்து சதவீத இடத்தைப் பொது வெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடமாகவும் தரலாம், மதிப்பைப் பணமாகவும் கட்டிவிடலாம். மக்கள் இதைப் ‘பார்க்குக்கு விட்ட இடம்’ என்பார்கள். காகிதத்தில் பூங்கா, நேரில் பார்த்தால் கருவேலம், அல்லது மேல்நிலைத் தொட்டி, அல்லது ரேஷன் கடை, அல்லது ராவோடு ராவாக முளைத்த ஒரு கோயில். ரேஷன் கடையும் தேவைதான், அதைப் பூங்கா இடத்தில்தான் கட்ட வேண்டுமா? மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டி நெறிகள் தலைக்குப் பத்து, பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி இருப்பது நல்லது என்கின்றன. பத்து என்று வைத்தாலும் 95 ஆயிரம் பேருக்கு 230 ஏக்கருக்கு மேல் வேண்டும். அவ்வளவு கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். எட்டுப் பத்து இடத்தில் கால் ஏக்கர், அரை ஏக்கர் கிடைத்தால் போதும். சுற்றுச்சுவர் வேண்டாம், பூட்டு வேண்டாம். நாலு வேம்பு, ஒரு சிமெண்டுத் திண்ணை, ஒரு குழாய், ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு கழிப்பறை.

எந்த மனைப்பிரிவில் எத்தனை சென்ட், என்ன சர்வே எண், தானப் பத்திரம் எந்தத் தேதியில் பதிவாயிற்று என்ற விவரம் நகராட்சியில் இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம், விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் அந்தச் சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய், அங்கே இப்போது யார் கட்டடம் நிற்கிறது என்று பார்க்கலாம்.